இடது பக்கப் பின்கதவு

என் வீட்டுக்காரரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறீர்கள். சந்தோஷம். கார் நின்றதும் நான் சுற்றி வந்து கதவைத் திறந்து, கையைப் பிடித்து அவரை இறக்கினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். முன்பு அவரைச் சொன்னார்கள். இப்போது என்னைச் சொல்கிறார்கள். கதவு அதே கதவுதான்.

உட்காருங்கள். பேச்சுப் பயிற்சிக்கு உள்ளே அழைத்துப் போனால் கொஞ்ச நேரம் ஆகும். உங்கள் அம்மாவுக்கா? வாதம் எந்தப் பக்கம்? இடது பக்கமா, அப்படியென்றால் குழறலோடு போய்விடும். பேச்சு திரும்பிவிடும். எங்கள் வீட்டில் அவருக்கு வலது பக்கம். வலது கை கால் விழுந்தால் பல பேருக்குப் பேச்சும் கூடவே போய்விடும் என்று டாக்டர் காகிதத்தில் மூளையை வரைந்து காட்டினார். இட்லியைப் பாதியாகப் பிட்ட மாதிரி இருந்தது.

இவருக்கு ஒரு வார்த்தை மிஞ்சியது. 'சரி.' அது ஒன்றுதான். காப்பி வேண்டுமா, சரி. காப்பி ஆறிப்போய்விட்டதா, சரி. ஊசி போடும்போது வலித்தால் அதற்கும் சரிதான், கொஞ்சம் இழுத்துச் சொல்வார். கோபம் வந்தால் வெட்டிச் சொல்வார். பசியென்றால் கடைசி எழுத்தைத் தூக்குவார். நான் காலேஜில் தமிழ் படித்தவள். ஒரு சொல் இத்தனை வேலை செய்யும் என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினீயராக இருந்தவர். திரவியம் சாரிடம் ஒரு 'சரி' வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும் என்று கான்ட்ராக்டர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அந்தச் சொல் அவ்வளவாகப் புழங்கியதில்லை. இப்போது அது மட்டும் இருக்கிறது.

நான் வாராவாரம் இங்கே கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, இவர் பழையபடி பேச வேண்டும் என்று நான் ஜெபம் செய்வதாக எங்கள் சபையில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எனக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு பதில் வேண்டும். அதற்கு 'சரி' போதாது. இன்னொரு வார்த்தையாவது வந்தால்தான் கேட்க முடியும்.

பெரிய கேள்வி இல்லை. அந்தக் கார்க் கதவைப் பற்றித்தான்.

கார் வாங்கின புதிதில் தென்காசிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் தங்கை லில்லி அங்கே இருந்தாள். கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட இருந்து கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. நான் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். இவர் சம்மதிக்கவில்லை. வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். பேட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அது பெத்துப் போட்ட வயிறு. எடுத்தாங்க. உனக்கென்ன அங்க வேலை?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. அது உங்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன்.

நான் இறங்கினேன். கதவை அறைந்து சாத்தினேன். அப்படி எதையும் நான் அறைந்து சாத்தியதில்லை, சமையலறை டப்பாவைக்கூட மெதுவாக மூடுகிறவள். அந்தச் சத்தத்தில் முன்னால் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். நான் வரிசையாக நின்ற வண்டிகளை ஒட்டிப் பின்னோக்கி நடந்தேன். கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் இவர் முன்னால்தானே போக முடியும்? போனார். எதிர்ப்பக்கமிருந்து வந்த தென்காசி பஸ்ஸைக் கை காட்டி ஏறிக்கொண்டேன்.

லில்லி எழுந்து நடமாடும்வரை அங்கே இருந்தேன். பிறகு இவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். திட்டவில்லை. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கப் போனால் கதவு திறக்கவில்லை. கைப்பிடி வெறுமனே வந்துவிட்டுப் போகிறது, பல் ஆடுகிற மாதிரி.

இவர் சுற்றி வந்து வெளியே இருந்து திறந்தார்.

"அன்னைக்கு அறைஞ்சே பாரு, உள்ள லீவர் ஒடிஞ்சு போச்சு. இனிமே வெளிய இருந்துதான் திறக்கணும்."

"ஒர்க்‌ஷாப்ல குடுத்துப் பாப்போமே."

"கதவையே பிரிக்கணும் ஏளா. புதுவண்டி. ஒருக்கா பிரிச்சா அப்புறம் மழைத்தண்ணி இறங்கும். அது கிடக்கட்டும். நான்தான் இருக்கேன்லா, திறந்துவிட."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோபத்தில் உடைத்த பொருளைப் பற்றி எவ்வளவு தரம் கேட்பது?

அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது ரோட்டுப் பக்கம். ரோட்டுப் பக்கம் இறங்கக் கூடாது, பின்னால் வருகிறவன் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான் என்பார். ரோடு போடுகிறவர், அவருக்குத் தெரியாதா? அந்தப் பக்க சீட்டில் அவருடைய பையும் குடையும் இருக்கும். நான் நகர்ந்து உட்கார்ந்ததுகூட இல்லை. முன் சீட்டா? முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும் என்று சொல்வார். இப்போது டிரைவர் பக்கத்தில் முன்னால்தான் உட்கார்கிறேன். இன்னும் சுற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கார் நிற்கும். இவர் இறங்குவார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சுற்றி வந்து என் கதவைத் திறப்பார். நான் இறங்குவேன். பெண்கள் பக்கம் ஒரே பேச்சாக இருக்கும்.

"கொடுத்து வச்சவ நீ, சௌந்தரி. எங்க வீட்டு ஆளு நான் ஏறிட்டனான்னு பாக்காமலே வண்டிய எடுத்துட்டாரு. சமாதானபுரம் வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டே போயிருக்காரு. நான் இங்க வாசல்ல நிக்கேன்."

"பதில் வரலைன்னு கூடவா தெரியல?"

"என்னைக்குத்தான் அவரு பதில் கேட்டாரு?"

சிரிப்போம். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சில நாள் இவர் இறங்கினதும் யாராவது பிடித்துக்கொள்வார்கள், ரோடு டெண்டர், பாலம் என்று. நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். வெயில் ஏறும். சாவி அவரிடம், கண்ணாடியும் இறங்காது. காலேஜில் மனப்பாடம் செய்த செய்யுள்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். நிறைய நினைவில் இருந்தது. கதவு திறப்பதற்குள் ஒரு பருவத்துப் பாடமே முடிந்துவிடும்.

லில்லி இறந்த அன்றும் அப்படித்தான் ஆனது. இவர் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. தெருவில் கூட்டம், நாற்காலி, பந்தல். காரைத் தள்ளித்தான் நிறுத்த முடிந்தது. இவர் இறங்கிப் போனார். லில்லியின் சம்பந்தி இவரைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு மறந்துவிட்டது. அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஜெபம் பண்ணுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியைத் தட்டினேன். ஒரு பையன் குனிந்து பார்த்தான், நான் அழுகிறேன் என்று நினைத்து நகர்ந்து போய்விட்டான். பிறகு பாட்டு. பாட்டு நின்றது.

ரொம்ப நேரம் ஆகவில்லை. நான் உள்ளே போனபோது பெட்டியை மூடியிருந்தார்கள். நல்ல பெட்டி. மூடியில் சிலுவை பதித்திருந்தது. மூடின பெட்டியைத் திறப்பது எங்களில் வழக்கமில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன், கேட்டில் வைத்து அப்படி அறைந்திருக்க வேண்டாம். லில்லியிடம் போவதற்காகக் கதவை அறைந்தேன். அந்தக் கதவுதான் லில்லியின் முகத்தைப் பார்க்க விடவில்லை. என்னுடைய கைதான் இரண்டுக்கும். இத்தனை வருஷமாக எனக்குள் இருந்த கணக்கு இதுதான். பெரிய துக்கமாகவும் இல்லை. செருப்புக்குள் கிடக்கிற மணல் மாதிரி, நடக்க நடக்கப் பழகிவிட்டது.

பிறகு இவர் விழுந்தார். ஆஸ்பத்திரி, வீடு என்று மாதங்கள் போயின. கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. கை கால் பயிற்சிக்கு இங்கே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றபோது ஆக்டிங் டிரைவரை வைத்து எடுத்தால், பூட்டு கிறுக்குப் பிடித்து நிற்கிறது. ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவு 'டக்' என்னும், இடது பக்கப் பின்கதவு சும்மா இருக்கும். பிறகு நினைத்துக்கொண்டு தனியாக ஒரு 'டக்'. ஓடுகிறபோது தானாகவே பூட்டிக்கொள்ளும், தானாகவே திறந்துகொள்ளும். குளிர்காய்ச்சலில் பல் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

ஒருநாள் இதோ, இந்த வேப்பமரத்தடியில்தான். நானும் டிரைவரும் இறங்கிவிட்டோம். சாவி உள்ளே தொங்குகிறது. 'டக்.' நாலு கதவும் பூட்டிக்கொண்டது. இவர் உள்ளே, பின்சீட்டில். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது, மூச்சுக்குப் பயமில்லை. இடது கை நன்றாக இருக்கிறதே, "அந்தக் குமிழை மேல தூக்குங்க சார்" என்று எல்லோரும் வெளியே இருந்து கத்தினார்கள். தூக்கினார். விட்டதும் 'டக்' என்று விழுந்துவிட்டது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. கைப்பிடியை இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். அந்த இடத்தில் நான் எவ்வளவோ தரம் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிரைவர் எங்கிருந்தோ ஒரு கம்பி கொண்டுவந்து கண்ணாடி இடுக்கில் விட்டுத் திறந்தார்.

மறுநாள் மாசானத்தைக் கூப்பிட்டேன். கார் எலக்ட்ரீஷியன். நல்ல தொப்பை, ஓயாத வாய். முதலில் ரிமோட்டில் பேட்டரி மாற்றினார். அதில்லை. ஃபியூஸைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அதில்லை. கதவுக்குள் இருக்கிற மோட்டார் போய்விட்டது என்று சத்தியம் செய்தார். உள்பக்க அட்டையைப் பிரித்து, புது மோட்டார் போட்டார். அதே சத்தம். மோட்டாரே டூப்ளிகேட் என்று கடைக்காரனுக்கு போன் போட்டுத் திட்டினார். இன்னொன்று வந்தது. அதுவும் அதே சத்தம்.

"இந்த வண்டிக்கு யாரோ செய்வினை வச்சுட்டாங்கம்மா."

"நாங்க வேதக்காரங்க தம்பி. எங்களுக்கு வைக்க மாட்டாங்க."

"வண்டிக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

இவர் போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சார் சிரிக்காரு பாருங்க" என்றார் மாசானம். "சரி," என்றார் இவர்.

கடைசியில் கதவும் வண்டியும் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாய், அதற்குள் ஒயர். குழாயை இழுத்தால் ஒயர் ஒடிந்து தொங்குகிறது. அந்தக் கதவுதான் ரொம்பத் திறந்து மூடியிருக்கிறது, அதனால் ஒடிந்திருக்கிறது என்றார். முறுக்கிச் சுற்றினார். ரிமோட்டை அழுத்தினார். நாலும் ஒரே குரலில் 'டக்' என்றன. பாடகர் குழு மாதிரி.

சோதித்துப் பார்க்கிறேன் என்று பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு உள்ளே இருந்து சத்தம்.

"எம்மா! எம்மா! திறங்கம்மா, வேர்க்குது!"

திறந்துவிட்டேன்.

"அது அப்படித்தான் தம்பி. உள்ள லீவர் ஒடிஞ்சிருக்கு. ரொம்ப வருஷமாச்சு."

"எந்த லீவரு?"

"உள்ள. கதவுக்குள்ள."

"நான் இப்பத்தான பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். ரெண்டு தரம். ஒண்ணும் ஒடியல, எல்லாம் முழுசா கிடக்கு." கதவின் ஓரத்தைத் தடவினார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "சே! சைல்ட் லாக்கு. இதைப் பாக்காம நான் ஒரு கூமுட்டை." கதவு விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு குமிழ். கதவை மூடிவிட்டால் தெரியாது. அதைக் கீழே தள்ளிவிட்டால் உள்ளே இருந்து திறக்காதாம். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வண்டியில் திறந்துவிடாமல் இருக்க.

"வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்காம்மா?"

"இல்லை."

"பேரப் பிள்ளைக வருமோ?"

"இல்லை."

"பின்ன யாருக்கு இதைப் போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போனார். வலது பக்கப் பின்கதவைத் திறந்தார். "எம்மா, இதுலயும் போட்டுருக்கு."

அந்தக் கதவை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அது திறக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தானாக விழுந்திருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் யாராவது தட்டியிருக்கலாம். நான் மறுபடி எங்கேயாவது கேட்டில் இறங்கி வண்டியில் அடிபட்டுவிடக் கூடாது என்று இவரே போட்டிருக்கலாம். அக்கறைதானே அதுவும்? போட்டுவிட்டு மறந்திருக்கலாம். லீவர் ஒடிந்தது என்று அவருக்கே யாராவது தப்பாகச் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் நான் யோசித்துவிட்டேன். யோசிக்காமல் இல்லை.

நாற்காலி பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஏங்க, நீங்க போட்டீங்களா அதை?"

"சரி."

"நான் அறைஞ்சதுலதான கதவு கெட்டுச்சு?"

"சரி."

இரண்டுக்கும் ஒரே ராகம். அங்கே முடிந்தது. அதற்கு மேல் எனக்கு வழியில்லை. அடுத்த வாரமே இங்கே பேச்சுப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

மாசானம் போகும்போது, "ரெண்டு பக்கமும் எடுத்துவிட்டுரட்டுமா?" என்றார். இருக்கட்டும் என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பத்திரத்துக்குத்தான். இடது கை சும்மா இருக்காது, ஓடுகிறபோது இழுத்துவிட்டால்? கார் நின்றதும் முதல் வேலையாகக் கைப்பிடியை இழுப்பார். நான் முன்னால் இருந்து என் பையை எடுப்பேன். மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். எந்த மரத்தடியில் வண்டியைப் போட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்வேன். சேலையைச் சரிசெய்துகொள்வேன். அப்புறம் சுற்றி வருவேன். ரொம்ப நேரம் ஆகாது. நீங்களே பார்த்தீர்களே.

கதவு திறக்கிற சத்தம். வருகிறார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், நிஷாந்தி. நல்ல பிள்ளை. ஓடி வருகிறாள் பாருங்கள்.

"அம்மா, சாருக்கு இன்னைக்குப் புது வார்த்தை வந்துட்டு! பூனைப் படத்தைக் காட்டி, இது நாயான்னு கேட்டேன். இல்லைன்னுட்டாரு! தெளிவா, 'இல்லை'. நீங்களே கேட்டுப் பாருங்க. சார், உங்க பேரு ராஜாவா?"

"இல்லை."

கேட்டீர்களா? ஐந்து மாதமோ ஆறு மாதமோ, நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்தது இதற்காகத்தான். இருங்கள், கிட்டே போய்க் கேட்கிறேன். பரவாயில்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

"ஏங்க. இங்க பாருங்க. என் முகத்தைப் பாருங்க. அன்னைக்கு பேட்டை கேட்ல வச்சு நான் அறைஞ்சேனே. அதுலயா கதவு கெட்டுச்சு?"

பார்க்கிறார். உதடு கூடுகிறது.

"இல்லை."

தெளிவாகத்தான் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள்.

"சூப்பர் சார்! அம்மா, இன்னும் கேளுங்க, இன்னைக்கு எல்லாத்துக்கும் இல்லைதான் சொல்லிட்டிருக்காரு. காப்பி வேணுமான்னேன், அதுக்கும் இல்லை. அது பழகப் பழகச் சரியாயிரும். எது ஆமா, எது இல்லைன்னு பிரிஞ்சு வரும். இதுதான் ஆரம்பம்."

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. இன்னொரு கேள்வி இருக்கிறதே, அவர்தான் போட்டாரா என்று, அதையும் கேட்டுவிட வேண்டியதுதானே. வேண்டாம். அதற்கும் இல்லை என்றுதான் சொல்வார். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் இல்லைதானாம். நாளைக்குப் பிரித்துச் சொல்லப் பழகிவிட்டால், அப்போதும் இல்லை என்றுதான் சொல்வார். எனக்கு முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

"அடுத்த வாரம் மூணாவது வார்த்தை எடுக்கலாம்மா. நீங்களே சொல்லுங்க, என்ன வார்த்தை வேணும்? தண்ணி? சாப்பாடு? உங்க பேரு வச்சுக்கிடலாமா, சௌந்தரின்னு?"

"போதும்மா. இது ரெண்டும் போதும்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? இப்பத்தான வர ஆரம்பிச்சிருக்கு!"

நல்ல பிள்ளை, அவளுக்கு வருத்தமாக இருக்கும். நான் அப்புறம் போன் செய்து சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அவளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், உங்கள் அம்மாவுக்கு எங்கள் நேரத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லி. காலையில் நல்ல நேரம், வெயில் இருக்காது. அடுத்த வாரத்திலிருந்து காலியாகத்தான் இருக்கும்.